வெளிநாட்டு ஊழியர்கள் சேர்ந்து சம்பள உயர்வு கேட்கலாமா? 2012 பேருந்து வேலைநிறுத்தம்: ஒரு விளக்கம்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஃபேரர் பார்க் எம்ஆர்டி நிலையத்திலிருந்து வெளியே வந்தால், சிராங்கூன் சாலை, ரேஸ் கோர்ஸ் சாலை எங்கும் நம்ம ஊர் ஊழியர்களைப் பார்க்கலாம். வாரத்தில் அந்த ஒரு நாள்தான் அவர்கள் நின்று பேச நேரம் கிடைக்கிறது. சம்பளம், ஓவர்டைம், தங்குவிடுதி என்று பேச்சு போகும்போது ஒரு கேள்வி வருவது இயல்பு: "எல்லாரும் சேர்ந்து கம்பெனிகிட்ட கேட்டா என்ன?"

2012இல் சிலர் அப்படிக் கேட்டார்கள். அவர்கள் சீனாவிலிருந்து வந்த பேருந்து ஓட்டுநர்கள். அவர்களுக்கு என்ன ஆனது, சட்டம் என்ன சொல்கிறது, இன்று நிலைமை என்ன? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

2012இல் என்ன நடந்தது?

நவம்பர் 26, திங்கட்கிழமை. எஸ்எம்ஆர்டி நிறுவனத்தின் சீன ஓட்டுநர்கள் 171 பேர் வேலைக்குப் போகவில்லை. பெரும்பாலோர் உட்லண்ட்ஸ் தங்குவிடுதியிலேயே இருந்துவிட்டார்கள். மறுநாள் 88 பேர் வரவில்லை.

அரசாங்கம் அதைச் சட்டவிரோத வேலைநிறுத்தம் என்று அறிவித்தது. விளைவுகள் வேகமாக வந்தன:

• ஐந்து பேர் மீது குற்றம் சாட்டப்பட்டது. அவர்களுக்கு ஆறு அல்லது ஏழு வாரச் சிறை.
• 29 பேரின் வொர்க் பெர்மிட் ரத்தாகி, அவர்கள் சீனாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள்.
• சுமார் 150 பேருக்குக் காவல்துறை எச்சரிக்கை. அவர்கள் வேலையில் தொடர்ந்தார்கள்.

சிங்கப்பூரில் அதற்கு முன் வேலைநிறுத்தம் நடந்தது 1986இல். நடுவில் 26 ஆண்டுகள் ஒன்றுமே இல்லை.

அவர்களுக்கு என்ன குறை?

முதல் குறை சம்பளம். சீன ஓட்டுநரின் அடிப்படைச் சம்பளம் மாதம் 1,075 வெள்ளி. அதே பேருந்தை ஓட்டும் மலேசிய ஓட்டுநருக்கு 1,400 வெள்ளி. சீன ஓட்டுநர்கள் இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தில் வருகிறார்கள், தங்குமிடச் செலவை நிறுவனம் ஏற்கிறது, அதனால்தான் வித்தியாசம் என்றது எஸ்எம்ஆர்டி. அந்த ஆண்டு வந்த சம்பள மாற்றத்தோடு வாரத்தில் ஐந்து நாள் வேலை ஆறு நாள் வேலையானதும் ஓட்டுநர்களுக்கு மனக்கசப்பைத் தந்தது.

இரண்டாவது, தங்குமிடம். வெவ்வேறு ஷிஃப்ட்டில் வேலை செய்பவர்கள் ஒரே அறையில் இருந்ததால் நிம்மதியாகத் தூங்க முடியவில்லை, மூட்டைப்பூச்சித் தொல்லை வேறு என்றார்கள். தங்குமிடம் இன்னும் நன்றாக இருந்திருக்கலாம் என்று நிறுவனமே பிறகு ஒப்புக்கொண்டது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ஒப்பந்தத்தில் எழுதிய சம்பளம் அவர்களுக்குக் கிடைத்துக்கொண்டுதான் இருந்தது. ஒப்பந்தமே போதாது என்பதுதான் அவர்களின் பேச்சு.

சட்டப்படி எங்கே தவறு?

வேலைநிறுத்தத்துக்குச் சிங்கப்பூரில் முழுத் தடை இல்லை. ஆனால் நிபந்தனைகள் கடுமையானவை.

பொதுப் போக்குவரத்து ஓர் அத்தியாவசியச் சேவை. அதில் வேலைநிறுத்தம் செய்ய 14 நாள் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும். தண்ணீர், மின்சாரம், எரிவாயுத் துறைகளில் வேலைநிறுத்தமே கூடாது. மீறினால் 2,000 வெள்ளி வரை அபராதம், ஓராண்டு வரை சிறை அல்லது இரண்டும். இதைச் சொல்வது குற்றவியல் (தற்காலிக விதிகள்) சட்டம். பெயரில் 'தற்காலிகம்' என்றிருந்தாலும், 1955இல் வந்த அந்தச் சட்டம் நீட்டிக்கப்பட்டுக்கொண்டே வருகிறது. அதே 1955இல்தான் ஹாக் லீ பேருந்து ஊழியர்களின் போராட்டம் கலவரமாகி நான்கு பேர் உயிரிழந்தார்கள்.

தொழிற்சங்கமும் நினைத்த உடனே வேலைநிறுத்தம் அறிவிக்க முடியாது. உறுப்பினர்களிடம் ரகசிய வாக்கெடுப்பு நடத்திப் பெரும்பான்மை பெற வேண்டும். 1986இல் ஹைட்ரில் நிறுவன ஊழியர்கள் இரண்டு நாள் வேலைநிறுத்தம் செய்தபோது, என்டியுசி தலைமைச் செயலாளராக இருந்த ஓங் டெங் சியோங்கே அதற்கு அனுமதி கொடுத்தார். அதனால் அது சட்டபூர்வமானது.

2012இல் சீன ஓட்டுநர்களில் பெரும்பாலோர் தேசியப் போக்குவரத்து ஊழியர் சங்கத்தில் உறுப்பினர்களே இல்லை. முன்னறிவிப்பும் இல்லை, வாக்கெடுப்பும் இல்லை, அவர்களுக்காகப் பேசச் சங்கமும் இல்லை.

கூட்டுப் பேரம் அப்படின்னா என்ன?

ஒவ்வொரு ஊழியரும் தனித்தனியாகப் போய்க் கேட்காமல், எல்லாருக்குமாகச் சங்கம் நிறுவனத்தோடு பேசுவதுதான் கூட்டுப் பேரம். சிங்கப்பூரில் அதற்கான வழி 1960இல் வந்த தொழில் உறவுச் சட்டத்தில் இருக்கிறது:

1. நிறுவனம் சங்கத்தை அங்கீகரிக்க வேண்டும். மறுத்தால், ஊழியர்களிடம் ரகசிய வாக்கெடுப்பு நடத்தி முடிவு செய்யலாம்.
2. இரு தரப்பும் பேசிக் கூட்டு ஒப்பந்தம் போடும். அது இரண்டு முதல் மூன்று ஆண்டு வரை செல்லும்.
3. தொழில் நடுவர் நீதிமன்றம் அதைச் சான்றளித்த பிறகு இரு தரப்பும் அதற்குக் கட்டுப்பட வேண்டும்.

எல்லாவற்றையும் பேச முடியாது. யாரை வேலைக்கு எடுப்பது, பதவி உயர்வு, இடமாற்றம், ஆட்குறைப்பு போன்றவை 1968ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு பேரத்துக்கு வெளியே போய்விட்டன. ஆனால் சம்பளம், வேலை நேரம், போனஸ் எல்லாம் உள்ளேதான். சீன ஓட்டுநர்கள் கேட்டதில் பெரும்பகுதி இந்த வட்டத்துக்குள் வரும்.

சீனாவில் எப்படி?

அங்கே ஒரே ஒரு தொழிற்சங்க அமைப்புக்குத்தான் அனுமதி: அகில சீனத் தொழிற்சங்கச் சம்மேளனம். வேலைநிறுத்த உரிமை 1975, 1978 அரசியல் சட்டங்களில் இருந்தது. 1982இல் எடுக்கப்பட்டது. 2008இல் நடப்புக்கு வந்த தொழிலாளர் ஒப்பந்தச் சட்டம் எழுத்துவடிவ ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்கியது. கூட்டு ஒப்பந்தத்துக்கும் அதில் இடம் உண்டு.

நடைமுறையில் பல நேரம் வரிசை தலைகீழாக இருக்கும். முதலில் வேலை நிற்கும், பிறகுதான் பேச்சு தொடங்கும். 2010இல் ஃபோஷான் நகரின் ஹோண்டா உதிரிபாகத் தொழிற்சாலை ஊழியர்கள் அப்படித்தான் சம்பள உயர்வு பெற்றார்கள். அந்தப் பழக்கத்தோடு இங்கே வருபவருக்கு '14 நாள் முன்னறிவிப்பு' என்பது புதிய உலகம்.

தமிழ்நாட்டில் சண்டை சங்கத்தின் பதிவிலேயே தொடங்கியது. ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் ஊழியர்கள் 2024 செப்டம்பரில் தொடங்கிய வேலைநிறுத்தம் 37 நாள் நீடித்தது. அவர்களின் சங்கம் பதிவானது 2025 ஜனவரியில்தான்.

வெளிநாட்டு ஊழியர் சங்கத்தில் சேரலாமா?

சேரலாம். வொர்க் பெர்மிட்டில் இருப்பவரும் சிங்கப்பூர்த் தொழிற்சங்கத்தில் உறுப்பினர் ஆகலாம். ஆனால் சங்கப் பொறுப்பில் இருக்க அமைச்சரின் அனுமதி வேண்டும்.

அப்புறம் ஏன் பலர் சேருவதில்லை? பல சிறிய குத்தகை நிறுவனங்களில் அங்கீகரிக்கப்பட்ட சங்கமே கிடையாது. பெரிய காரணம் பயம். வொர்க் பெர்மிட் ஒரு முதலாளியோடு கட்டப்பட்டது. அவர் அதை ரத்து செய்தால், ஊரில் கடன் வாங்கி ஏஜென்ட்டுக்குப் பணம் கட்டி வந்தவர் என்ன செய்வார்? சட்டத்தில் இருக்கும் உரிமையைக் கையில் எடுக்கத் தயங்குவது புரிந்துகொள்ளக்கூடியதுதானே.

பிறகு என்ன மாறியது?

2017 ஏப்ரலில், சம்பளத் தகராறுகளைப் பேசித் தீர்க்க முத்தரப்புக் கூட்டணி ஒன்றும், தீராதவற்றை விசாரிக்கத் தனி நடுவர் மன்றமும் வந்தன. 20,000 வெள்ளி வரை கோரலாம். சங்கத்தின் உதவியோடு போனால் 30,000 வெள்ளி வரை.

2025 ஜனவரியில் நாடாளுமன்றம் வேலையிட நியாயச் சட்டத்தை நிறைவேற்றியது. வேலைக்கு எடுப்பது, பதவி உயர்வு, பணிநீக்கம் போன்ற முடிவுகளில் நாட்டுரிமையை வைத்துப் பாகுபாடு காட்டுவதையும் அது தடுக்கிறது. 2027 இறுதிக்குள் அது நடப்புக்கு வரும் என்று எதிர்பார்க்கப்படுகிறது.

இரண்டும் நல்ல மாற்றங்கள். ஆனால் புகார் வேறு, பேரம் வேறு. ஒப்பந்தத்தில் 1,075 வெள்ளி என்றிருந்து 900 வெள்ளி வந்தால் புகார் செய்யலாம். 1,075 வெள்ளியே குறைவு என்றால் எந்தப் புகார் முகப்பும் அதை உயர்த்தாது. அதற்கு மேசையில் எதிரே உட்கார ஒரு சங்கம் வேண்டும். 2012இல் சீன ஓட்டுநர்களிடம் இல்லாதது அதுதான்.

உங்களுக்குத் தெரிந்த ஒருவர் உதவி கேட்டால்?

• முதலில் பிரச்சினை எந்த வகை என்று பாருங்கள். சம்பளம் வரவில்லையா, குறைத்துத் தந்தார்களா? அது புகார். வேலையில் இருந்தால் ஓராண்டுக்குள், வேலையை விட்டிருந்தால் ஆறு மாதத்துக்குள் கொடுக்க வேண்டும்.
• சம்பளச் சீட்டு, ஓவர்டைம் நேரம், வாட்ஸ்ஆப் செய்திகள் எல்லாவற்றையும் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள்.
• வெளிநாட்டு ஊழியர் நிலையத்தின் 24 மணி நேர உதவி எண் 6536 2692. என்டியுசியும் முதலாளிகள் சம்மேளனமும் சேர்ந்து 2009இல் தொடங்கிய அமைப்பு இது.
• சம்பளமே குறைவு என்பது பிரச்சினையா? நிறுவனத்தில் அங்கீகரிக்கப்பட்ட சங்கம் இருக்கிறதா என்று விசாரித்து, இருந்தால் சேரச் சொல்லுங்கள்.
• கோபத்தில் "நாளைக்கு யாரும் வேலைக்குப் போக வேண்டாம்" என்று குழுவில் செய்தி போடுவதற்கு முன், அத்தியாவசியச் சேவையில் அந்த ஒரு செய்திக்கே சிறைத் தண்டனை வரலாம் என்பதைச் சொல்லிவிடுங்கள்.