பங்களா குசினியும் உழவு மாடும்

போன கார்த்திகையில எங்க செவலையை வித்தேன். 14 வருஷம் எங்க காட்டுல ஏர் இழுத்த எருது. மாரமங்கலத்துப் பக்கம் சரிவுக் காடு, டிராக்டர் ஏறாத துண்டுகள் இன்னும் இருக்கு. மாடு இல்லாம சாமை விதைக்க முடியாது. ஆனா செவலைக்குப் பல்லு தேஞ்சு, பின்னங்கால் இழுக்க ஆரம்பிச்சிருச்சு. தரகர் வந்து விலை பேசினார். என் கயித்தை அவுத்துக்கிட்டு அவர் கயித்தைப் போட்டு ஓட்டிட்டுப் போனார். எங்க போகும்னு அவரும் சொல்லல, நானும் கேக்கல. ரெண்டு பேருக்கும் தெரியும்.

அன்னைக்கு ராத்திரி தூக்கம் வராம கெடந்தப்போ, நான் சின்னப் பையனா இருக்கும்போது பாத்த ஒரு சமையல் ஞாபகம் வந்துச்சு. வெள்ளைக்காரங்க பேர் வச்ச பாட் ரோஸ்ட். எஸ்டேட் பங்களாவுல குசினி வேலை பாத்து ஓய்வான பெரியவர் ஒருத்தர் எங்க ஊர்ல இருந்தார். எங்க வீட்டு அடுப்புல மாட்டுக்கறி ஏறினதில்ல. ஆனா கிறிஸ்துமஸ் வந்தா அப்பா பறிச்ச கேரட்டையும் பீன்ஸையும் அவர் வீட்டுக்கு நான்தான் கொண்டுபோவேன். அப்படியே திண்ணையில உக்காந்து பாத்துக்கிட்டிருப்பேன்.

ஒன்றரை கிலோ தோள்பட்டைக் கறி, துண்டு போடாம ஒரே கட்டியா இருக்கணும். உப்பும் மிளகும் தேச்சு, கனமான இரும்புச் சட்டியில எண்ணெய் காய்ஞ்சதும் நாலு பக்கமும் கருக்கச் செவக்க வறுப்பார். மிளகு நம்ம மலை மிளகுதான், சில்வர் ஓக் மரத்துல ஏறின கொடியில பறிச்சது. அப்புறம் வெங்காயம், பட்டை, லவங்கம், கொஞ்சம் வினிகர். தண்ணி கறி மூழ்குற அளவுக்கு ஊத்தக் கூடாது, ரெண்டு விரல் உயரம் போதும். மூடிக்குச் சுத்தி கோதுமை மாவு பூசி அடைச்சிருவார். கீழ கொஞ்சம் தணல், மூடி மேல கொஞ்சம் தணல். மூணு மணி நேரத்துக்கு மேல ஆகும். கேரட், உருளைக்கிழங்கைக் கடைசி முக்கால் மணி நேரத்துலதான் போடணும். முன்னாடியே போட்டா கரைஞ்சு கூழாயிரும்.

"எதுக்கு தாத்தா மூடி மேல நெருப்பு?"ன்னு கேட்டேன். "அவன் ஊர்ல இருந்த அடுப்பு இங்க இல்ல தம்பி. நாங்க சட்டியையே அடுப்பாக்கிட்டோம்"னார்.

அந்தப் பதில்ல எவ்வளவு சரித்திரம் இருக்குன்னு ரொம்ப நாள் கழிச்சுத்தான் புரிஞ்சுது. 1820-கள்ல சேலம் கலெக்டரா இருந்த எம்.டி. காக்பர்ன் இந்த மலைக்குக் காபியைக் கொண்டு வந்தார். அதே காலத்துல கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் நீலகிரியில உருளைக்கிழங்கும் சீமைக் காய்கறியும் போட்டார். வெள்ளைக்காரங்க மலையேறினாங்க, அவங்க சாப்பாட்டு ஆசையும் கூடவே ஏறுச்சு. அவங்க ஊர்ல ரோஸ்ட்னா திறந்த நெருப்புக்கு முன்னாடி கம்பியில சுத்திச் சுட்ட கறி. அதுக்குக் கொழுக்க வளத்த மாடு வேணும். நம்ம ஊர்ல கறிக்குன்னு யாரு மாடு வளத்தா? உழைச்சு ஓய்ஞ்ச மாடுதான் கசாப்புக்குப் போகும். அதை நெருப்புல காட்டினா செருப்புத் தோல் மாதிரி ஆயிரும்.

உழைச்ச சதையில நார் ஜாஸ்தி. ஈரச்சூட்டுல சுமார் 70 டிகிரிக்கு மேல மணிக்கணக்குல கெடந்தாத்தான் அது இளகிப் பசையாகும். ஆட்டுக்கால் சூப் குடிச்சா உதடு ஒட்டுதே, அதே பசைதான். இதுல மலைக்குன்னு ஒரு சங்கடமும் உண்டு. ஏற்காடு 1,500 மீட்டர் உயரம், இங்க தண்ணி 95 டிகிரியிலேயே கொதிச்சிரும். கீழ சேலத்துல வேகுறதை விட இங்க கூட நேரம் ஆகும். இப்ப குக்கர் வந்திருச்சு, விசில் எண்ணினாப் போதும்.

1878-ல மெட்ராஸ்ல கென்னி-ஹெர்பர்ட்ங்கிற ராணுவ அதிகாரி ‘வைவர்ன்’ங்கிற புனைபேர்ல இந்தச் சமையலுக்கெல்லாம் ஒரு புத்தகமே போட்டார். அதுல சமையல்காரருக்கு அவர் வச்ச பொதுப்பேர் ராமசாமி. எல்லா சமையல்காரரும் ராமசாமி! புத்தகத்துல எழுதினவர் பேர் நிக்குது, சட்டி மேல தணல் வச்சவங்க பேர் ஒண்ணுகூட இல்ல. துரைமார் வீட்டுக் குசினியில மாட்டுக்கறி தொட்டுச் சமைச்சவங்க பெரும்பாலும் ஊர் ஒதுக்கி வச்ச ஜனங்கதான். குசினிங்கிற சொல்லுகூட போர்த்துக்கீசியர் விட்டுட்டுப் போனது.

துரைமார் போய்ட்டாங்க, மாட்டோட கதை மாறல. தமிழ்நாட்டுல 1958-ல வந்த கால்நடைப் பாதுகாப்புச் சட்டப்படி, 10 வயசு தாண்டி, உழவுக்கும் இனவிருத்திக்கும் உதவாதுன்னு சான்று வாங்கின மாட்டை அறுக்கலாம். அப்படிப் பாத்தா அந்தச் சட்டிக்குப் போறது யாரோ ஒரு விவசாயியோட செவலைதான். அதை இன்னொரு பத்து வருஷம் கட்டித் தீனி போட என்கிட்ட வழி இருந்தா வித்திருக்க மாட்டேன். வைக்கோல்கூட கீழ இருந்து வாங்கித்தான் ஏத்தணும். விக்கவும் கூடாது, சாப்பிடவும் கூடாதுன்னு டவுன்ல உக்காந்து பேசுறவங்க யாரும் ஒரு கட்டு வைக்கோல் கொடுத்ததில்ல.

பெரியவர் போய்ச் சேந்து பல வருஷம் ஆச்சு. அந்தச் சட்டி அவர் மகன்கிட்ட இருக்கு. போன கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் கேரட் கேட்டு வந்தான். ரெண்டு கிலோ புடுங்கி, மண்ணைத் தட்டிக் கொடுத்தேன். காசு வாங்கல. "கறி எங்க வாங்கினேன் தெரியுமாண்ணே"ன்னு ஆரம்பிச்சான்.

"வேணாம் தம்பி, சொல்லாத"ன்னுட்டேன்.