கொடை நுரையீரல்: 10 டிகிரிச் சேமிப்பும் பகல்நேர மாற்று அறுவையும்

மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்து எடுத்த நுரையீரலை 10 டிகிரி செல்சியஸில் சீராகக் காத்து, பொருத்தும் அறுவையை மறுநாள் காலைக்குத் தள்ளிவைக்கும் முறை. கனடாவின் டொராண்டோ பொது மருத்துவமனையில் மார்செலோ சைப்பலின் குழு இதை வளர்த்தெடுத்தது. 1983இல் ஜோயல் கூப்பர் நீடித்த பலன் தந்த முதல் நுரையீரல் மாற்றைச் செய்ததும் அங்கேதான்.

வழக்கமாக நுரையீரல் ஐஸ் பெட்டியில் வரும். ஏறத்தாழ 6 முதல் 8 மணி நேரத்துக்குள் பொருத்திவிட வேண்டும் என்பதால், நள்ளிரவானாலும் ஆபரேஷன் காத்திருக்காது. 4 டிகிரிக் குளிரில் செல்லின் ஆற்றலைத் தரும் மைட்டோகாண்டிரியா நலிகிறது. உப்புச் சமநிலை குலைந்து செல் வீங்குகிறது. மற்ற உறுப்புகளைப் போலன்றி, நுரையீரலைக் காற்று நிரப்பியே வைக்கிறார்கள். உள்ளே ஆக்சிஜன் இருப்பதால், 10 டிகிரியில் செல்கள் மெதுவாக இயங்கியபடி உயிர்ப்போடு இருக்கின்றன. 1990களுக்கு முன்பே விலங்குச் சோதனைகளில் தென்பட்ட இந்த உண்மை, நீண்ட காலம் நடைமுறைக்கு வராமலே கிடந்தது.

டொராண்டோ, வியன்னா, மாட்ரிட் நகரங்களில் 70 நோயாளிகளிடம் நடந்த ஆய்வின் முடிவு 2023இல் வெளியானது. மாலை 6 மணிக்கும் அதிகாலை 4 மணிக்கும் இடையில் எடுத்த நுரையீரல்கள் ஐஸில் மருத்துவமனைக்கு வந்து, 10 டிகிரிப் பெட்டிக்கு மாறின. காலை 6 மணிக்கு முன் அறுவை தொடங்கவில்லை. பலருக்குச் சேமிப்பு நேரம் 12 மணி நேரத்தைத் தாண்டியும், வழக்கமான முறையைவிடப் பலன் குறையவில்லை.

இந்தியாவில் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி மூளைச்சாவை உறுதிசெய்யும் இரு சோதனைகளுக்கிடையே குறைந்தது 6 மணி நேரம் வேண்டும். குடும்பத்தின் சம்மதமும் சேர, வேலை பெரும்பாலும் இரவில் போய் விழுகிறது. உறுப்புக் கொடையாளர்களுக்குச் சூரியன் மறைந்த பிறகும் பிரேதப் பரிசோதனை செய்ய மத்திய அரசு 2021 நவம்பரில் அனுமதித்தது இந்த இரவு வேலையை ஓரளவு எளிதாக்கியது.

இந்த முறையால் மருத்துவர் தூங்கி எழுந்து தெளிவாகக் கத்தி பிடிக்கலாம் என்பதே அதிகம் பேசப்படுகிறது. ஆனால் நுரையீரலுக்குக் காத்திருப்பவரின் ஊரும் கணக்கில் வர வேண்டும். இடுக்கி மாவட்டத்தின் வட்டவடையிலிருந்து கொச்சிக்குப் போக, டாப் ஸ்டேஷன், குண்டளை, மாட்டுப்பட்டி வழியாக யானை நடமாடும் மலைச்சாலையில் மூணாறுக்கு இறங்கி, பிறகும் நெடுந்தூரம் ஓட வேண்டும். அழைப்பு வந்த இரவிலேயே மூச்சுத்திணறும் ஒருவரை அப்படிக் கொண்டுபோவது கடினம். அதனாலேயே பட்டியலில் இருப்பவர்கள் மருத்துவமனைக்கு அருகே வாடகை வீட்டில் மாதக்கணக்கில் தங்க நேர்கிறது. மலைக்குடும்பங்களுக்கு இது தாங்க முடியாத செலவு. சேமிப்பால் கிடைக்கும் கூடுதல் மணி நேரம் அவர்களுக்கும் உரியது.

உறுப்பை எடுக்கும் நேரம் மட்டும் இதனால் மாறாது. ஏறத்தாழ 4 மணி நேரமே தாங்கும் இதயம்தான் பெரும்பாலும் அதை முடிவுசெய்கிறது. 2008 முதல் டொராண்டோவில் பயன்படும், உடலுக்கு வெளியே நுரையீரலை இயக்கும் கருவியைப் போலன்றி, 10 டிகிரிச் சேமிப்புக்குப் பம்பும் வென்டிலேட்டரும் தேவையில்லை. வெப்பநிலை பிசகாத பெட்டியும் தடையில்லா மின்சாரமும் போதும்.