அமெரிக்காவில் அடைக்கலங்குருவி

மனைகளில் வாழும் சிட்டுக்குருவிக்குத் தமிழர் இட்ட பெயர்களுள் அடைக்கலங்குருவி என்பதும் ஒன்று. அண்டி வந்த உயிருக்கு இடமளித்தல் கடன் என்னும் எண்ணம் அப்பெயரிலேயே அடங்கியுள்ளது. நம் நாட்டிலே தாழ்வாரத்திற் சிறு மண்முட்டிகளைக் கட்டித் தொங்கவிட்டு, அவற்றிற் குருவிகள் குடிபுகக் கண்டு மகிழ்ந்தோர் பலர். இதே பறவையை அமெரிக்க ஐக்கிய நாட்டார் பொருள் செலவிட்டு வரவழைத்தனர்; நாற்பது ஆண்டு கழியுமுன் தலைக்கு விலை வைத்து வேட்டையாடினர். இம்மாற்றம் எவ்வாறு நேர்ந்தது என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். மன்னர் வரலாற்றையும் போர் வரலாற்றையும் பயிலும் நம் மாணவர்க்கு ஒரு குருவியின் வரலாறு அற்பமாகத் தோன்றலாம். ஆயினும் மனிதர் தம் பிழையை யார்மேற் சுமத்துகின்றனர் என்பதை அறிய இதனினும் நல்ல சான்று கிடைத்தல் அரிது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நியூயோர்க், புரூக்கிளின், பிலதெல்பியா முதலிய நகரங்களின் வீதிமரங்களைப் புழுக்கள் அரித்து மொட்டையாக்கின. மரங்களினின்றும் நூல்விட்டுத் தொங்கிய அப்புழுக்கள் வழிப்போவாரின் தொப்பியிலும் தோளிலும் வீழ்ந்து பெருந்தொல்லை விளைத்தன. இங்கிலாந்திலே குருவிகள் தம் குஞ்சுகளுக்குப் புழுவூட்டுவதைக் கண்டிருந்த புரூக்கிளின் கழகத்தார், எட்டுச் சோடிகளைத் தருவித்து 1851இல் வெளியே விட்டனர். அவை நிலைபெறவில்லை. மறுவருடம் நிக்கொலஸ் பைக் என்பார் இலிவர்ப்பூல் நகரிற் பெருந்தொகையான குருவிகளை வாங்கி அனுப்பினார். ஐம்பது பறவைகள் துறைமுக வாயிலிலே விடப்பட்டன. எஞ்சியவை குளிர்காலம் முழுவதும் பேணப்பட்டு, 1853ஆம் ஆண்டு இளவேனிலிற் கிறீன்வூட் இடுகாட்டிலே திறந்துவிடப்பட்டன. அவற்றைக் கண்காணிக்கக் கூலிக்கு ஓர் ஆளும் அமர்த்தப்பட்டான்!

பிற நகரத்தாரும் இவ்வழியைப் பின்பற்றினர். 1869இற் பிலதெல்பியா நகரசபை ஏறத்தாழ ஆயிரம் குருவிகளைத் தருவித்தது. பூங்காக்களில் மரப்பெட்டிகள் கட்டப்பட்டன. குளிர்காலத்தில் இரை தூவப்பட்டது. பொஸ்ரன் நகரப் பூங்காவிலே குருவிகளைப் பிடித்துண்ட கீச்சான்களைச் சுட்டுவீழ்த்தவும் செய்தனர். வந்த விருந்தைக் காக்கும்பொருட்டு மண்ணுக்குரிய பறவையைக் கொன்ற இச்செயலை அக்காலத்திற் பெரும்பாலோர் குற்றமாகக் கருதினாரல்லர்.

எழுபதுகளில் எண்ணம் மாறிற்று. குருவி பூச்சியைக் காட்டிலும் தானியத்தையே பெரிதும் விரும்புவதைப் பலர் கண்டனர். இராணுவ மருத்துவரும் பறவையியலறிஞருமான எலியற் கௌஸ், இதனை ஒழித்தல் வேண்டுமென வன்மையாக எழுதினார். பொஸ்ரன் அறிஞர் தொமஸ் மேயோ புரூவர் குருவியின் பக்கம் நின்றார். விலங்குவதைத் தடுப்புச் சங்கத்தை 1866இல் நிறுவிய ஹென்றி பேர்க் என்பாரும் அவர்க்குத் துணைநின்றார். 1880இற் புரூவர் இறக்கும்வரை நீடித்த இவ்வாதத்தைக் குருவிப்போர் என்றே வழங்கினர். அறிஞரின் வாதம் அறிவின் எல்லையுள் நிற்கவில்லை. குருவியை அந்நியன் என்றும் நாடோடி என்றும் கள்வன் என்றும் வைதனர். ஐரோப்பிய ஏழைகள் கூட்டங்கூட்டமாக அந்நாட்டிற் கரையேறிய காலமும் அதுவே. புதிதாக வந்த மனிதர்மீது சிலர் கொண்ட வெறுப்பு இச்சொற்களிற் கலந்திருந்தது என்று கருதுதல் தவறாகாது. ஆயினும் கௌஸ் காட்டிய சான்றுகளை அக்காரணம் பற்றித் தள்ளிவிடவும் முடியாது.

முதற்பிழை எங்கே நேர்ந்தது? குருவிகள் வழுவழுப்பான புழுக்களை ஓரளவு தின்றன, மயிர்க்கொட்டிகளைத் தீண்டவில்லை. ஒருவகைப் புழு குறைய, வெண்குறியுடைய மயிர்க்கொட்டி வீதிமரங்களிற் பெருகிற்று. மயிர்க்கொட்டியை உண்ணும் பிற பறவைகளையும் குருவி துரத்தியதாகப் பூச்சியியலார் முறையிட்டனர். 1889இல் விவசாயத் திணைக்களத்தைச் சேர்ந்த வோல்ற்றர் பரோஸ் இப்பறவையைப் பற்றிப் பெரியதோர் அறிக்கை வெளியிட்டார். நாடெங்குமிருந்து பெற்ற மறுமொழிகளையும் இரைப்பை ஆராய்ச்சிகளையும் தொகுத்து, குருவியால் விளைவது தீங்கே என முடிவு கூறினார். மிச்சிகன், ஒகையோ, இலினோய் மாநிலங்கள் கொல்லப்பட்ட தலைகளுக்குப் பணம் கொடுத்தன. தலைகளை எண்ணிய அலுவலர்க்குப் பறவையினங்களை வேறுபடுத்தத் தெரியாமையால், குற்றமற்ற உள்நாட்டுச் சிறுகுருவிகள் பலவும் அக்கணக்கிற் சேர்ந்தன. பணம் செலவாயிற்று, குருவியோ குறைந்திலது.

அதனைக் குறைத்தது துப்பாக்கியன்று, மோட்டார் வண்டி. நகரக்குருவிகள் குதிரைச் சாணத்திற் செரியாது கிடந்த ஓட்ஸ் மணிகளைக் கொத்தியும், லாயங்களிற் சிந்திய தீனியைத் தின்றும் வாழ்ந்தவை. குதிரை வண்டி மறைய அவ்வுணவும் மறைந்தது. இத்தொடர்பைப் பேர்க்ரோல்ட் என்பார் 1921இல் எடுத்துரைத்தார். பின்னர் 1940இற் கல்ம்பாக் வெளியிட்ட ஆராய்ச்சி, கூட்டிலுள்ள குஞ்சுகளின் உணவில் மூன்றிலிரண்டு பங்களவு பூச்சி முதலியன என்றும், முதிர்ந்த பறவைகளின் உணவு பெரும்பாலும் தானியமே என்றும் காட்டிற்று. புரூவர் கண்டதும் பொய்யன்று, கௌஸ் கண்டதும் பொய்யன்று. ஒருவர் குஞ்சின் வாயையும் மற்றவர் தாயின் வயிற்றையும் நோக்கினர்.

இன்று வழக்கு வயலினின்றும் வீட்டுத் தோட்டத்துக்கு மாறியுள்ளது. அமெரிக்கரின் அன்புக்குரிய நீலப்பறவை தானாக மரத்தைத் துளைக்கவல்லதன்று. மரங்கொத்தி விட்ட பொந்தையே நாடும். ஆண்டு முழுவதும் ஓரிடத்தில் வாழும் குருவி அப்பொந்தை முந்திக் கைக்கொள்ளும். உள்ளேயிருக்கும் நீலப்பறவையைச் சிலவேளை கொத்திக் கொல்லவுஞ் செய்யும். 1890இல் நியூயோர்க்கிலே விடப்பட்ட ஐரோப்பிய மைனாவினமும் இடத்துக்குப் போட்டியிட, நீலப்பறவைகள் அருகின. 1930களில் தொடங்கி ஆர்வலர் வழிநெடுக நீலப்பறவைப் பெட்டிகளை அமைத்துவந்தனர். 1978இல் அதற்கெனத் தனிச் சங்கமே தோன்றிற்று. பெட்டி வைத்தவர் ஒருநாட் காலை அதனைத் திறந்து இறந்த நீலப்பறவையின்மேற் குருவி வைக்கோல் அடுக்கியிருப்பதைக் காணின், அவர் சினத்தை நாம் எளிதிற் பழித்தல் ஆகாது. 1918ஆம் ஆண்டு வலசைப்பறவைச் சட்டத்தின் காப்பு இக்குருவிக்கு இல்லை. கூட்டைக் கலைப்பதற்கும் முட்டையை எடுப்பதற்கும் அச்சட்டம் தடையன்று.

ஆனால் அமெரிக்காவிலும் 1966 முதல் நடைபெறும் பறவைக் கணக்கெடுப்புகள் குருவியின் தொகை பெரிதும் வீழ்ந்துள்ளதைக் காட்டுகின்றன. பைக் அவற்றை விலைக்கு வாங்கிய பிரித்தானியாவிலோ, எழுபதுகளின் பின் பாதிக்கு மேல் அழிந்தமையால் 2002இல் அருகிவரும் பறவைகளின் செந்நிரலில் அது சேர்க்கப்பட்டது. அங்கே குருவிக்கெனச் சுவரிற் பெட்டி பொருத்துகின்றனர். கடலுக்கு அப்பால் அதே பறவை அதே வகைப் பெட்டியினுள் நுழையாதிருக்கப் பொறி வைக்கின்றனர்.