அமுதசுரபியும் கஞ்சித் தொட்டியும்

மணிமேகலைக் காப்பியத்தின் இறுதிப் பகுதியை ஊன்றிப் படித்தவர்களுக்குக் காஞ்சி என்றதும் பட்டும் கோபுரமும் முதலில் நினைவுக்கு வருவதில்லை. மழை பொய்த்து, இடுவோர் இன்றி, மக்கள் மடிந்துகொண்டிருக்கும் ஊராகவே சாத்தனார் அந்நகரைக் காட்டுகிறார். வஞ்சியில் இருந்த மணிமேகலையிடம் மாசாத்துவான் இத்துயரைச் சொல்லி அங்கே செல்லுமாறு கூற, அவளும் அமுதசுரபியோடு காஞ்சி வந்து சேர்கிறாள். கண்ணற்றோர், செவியற்றோர், முடவர், ஆதரவற்றோர், பல மொழி பேசுவோர் எனத் திரண்டு வந்த அனைவரும் உண்கின்றனர், பாத்திரம் வற்றவில்லை. சாத்தனார் பௌத்தர், தம் சமயத்தின் அறத்தை விளக்கவே இக்கதையைப் பாடினார். ஆயினும் இறைப் பராமரிப்பைக் குறித்துச் சிந்திக்க விரும்பும் கிறிஸ்தவர் இந்நூலைப் படிப்பதால் இழப்பதற்கு ஒன்றுமில்லை.

அப்பாத்திரத்தின் முன்கதையே நம்மை அதிகம் ஈர்க்கிறது. அதை முதலில் பெற்றவன் ஆபுத்திரன். தெய்வம் அமுதசுரபியை அளிப்பதற்கு முன்பே அவன் மதுரைத் தெருக்களில் பிச்சை எடுத்து, இயலாதவர்களை ஊட்டி, எஞ்சியதைத் தான் உண்டு, பிச்சை ஓட்டையே தலைக்கு அணையாக வைத்து உறங்கியவன். கொடுக்கும் பழக்கம் முதலில் வந்தது. வற்றாத பாத்திரம் அதன் பின்னரே வந்தது. பின்பு நாடு செழித்தது. உண்ண வருவோர் குறைந்தனர். பசித்தவரைத் தேடிச் சாவக நாட்டுக்குக் கப்பல் ஏறியவன், வழியில் மணிபல்லவத் தீவில் தனித்து விடப்பட்டான். பலரைக் காக்க வந்த பாத்திரத்தைக் கொண்டு தன்னொருவன் வயிற்றை நிரப்ப அவன் மனம் ஒப்பவில்லை. அதைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு உண்ணாதிருந்து உயிர் துறந்தான். அந்த முடிவை நம் சமய அறம் ஏற்காது. ஆனால் அம்முடிவுக்கு அவனைத் தள்ளிய எண்ணம் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. ஏற்போர் இல்லாத இடத்தில் அமுதசுரபிக்கு வேலை இல்லை என்பதை அவன் அறிந்திருந்தான்.

விடுதலைப் பயண நூலின் 16ஆம் அதிகாரம் இதற்கு வெகு அருகில் நிற்கிறது. பாலைநிலத்தில் விழுந்த மன்னாவை மறுநாளைக்கென்று ஒளித்து வைத்தவர்களுக்கு மிஞ்சியது புழுவும் நாற்றமுமே. சாரிபாத்து ஊர்க் கைம்பெண்ணின் வரலாறும் அத்தகையதே. தானும் தன் மகனும் கடைசியாக உண்டுவிட்டுச் சாவோம் என்று சுள்ளி பொறுக்கிக்கொண்டிருந்தவளிடம், முதல் அப்பத்தை எனக்குக் கொடு என்கிறார் எலியா. மழை பெய்யும் நாள்வரை அவளது பானையில் மாவு குறையவில்லை. ஆனால் அப்பானை நிரம்பி வழிந்ததாக விவிலியம் எங்கும் கூறவில்லை. ஒன்று கொடுத்தால் நூறு திரும்பும் என்று ஒலிபெருக்கியில் முழங்குவோர், நம் கத்தோலிக்க மேடைகளில் ஏறியோர் உட்பட, இவ்விடத்தைச் சற்று நின்று படிப்பது நலம். அவளுக்குக் கிடைத்தது செல்வமன்று, அன்றன்றைய அப்பம்.

காப்பியத்தை விட்டு வரலாற்றுக்கு வருவோம். காஞ்சியைச் சூழ்ந்த நாட்டுப்புறத்தைப் பட்டினி மற்றொரு முறை வாட்டியது. அது மழையால் மட்டும் வந்ததன்று. 1780 ஜூலையில் ஹைதர் அலியின் பெரும்படை கர்நாடகச் சமவெளியில் இறங்கியது. செப்டம்பர் 10 அன்று, காஞ்சிக்கு வடக்கே புள்ளலூரில், கர்னல் பெய்லியின் கீழிருந்த கம்பெனிப் படை அழிந்தது. காஞ்சியில் தங்கியிருந்த தளபதி மன்றோ தம் பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னை நோக்கிப் பின்வாங்கினார். அவ்வெற்றியைத் திப்பு ஸ்ரீரங்கப்பட்டண மாளிகைச் சுவரில் ஓவியமாகத் தீட்டச் செய்தார். இங்கிலாந்திலோ அத்தோல்வி நெடுநாள் பேசப்பட்டது. உழவரோ நெசவாளரோ இரு தரப்பு நினைவிலும் பெரிதாக இடம்பெறவில்லை. ஊர்கள் எரிந்தன, ஏரிகள் பாழாயின, விதைப்பார் இல்லை. பசித்த மக்கள் கூட்டம் கூட்டமாகச் சென்னையின் மதில்களை நோக்கி நடந்தனர்.

1782இல் கோட்டைக்குள் இருந்த புனித மரியா ஆலயத்தைச் சேர்ந்த ஆங்கிலிக்கன் சபையார் பஞ்ச நிவாரணத்துக்கு நிதி திரட்டினர். நகரின் வடபுறத்தில் மணியக்காரர் பொறுப்பில் கஞ்சி வார்க்கப்பட்டது. மக்கள் அவ்விடத்தை மணியக்காரர் சத்திரம் என்றனர். கஞ்சித் தொட்டி என்றும் அழைத்தனர். பசியோடு வந்தவர்களில் பலர் நோயோடும் வந்தனர். எனவே 1799இல் மருத்துவர் ஜான் அண்டர்வுட் அச்சத்திரத்தை ஒட்டி ஒரு மருத்துவமனையைத் தொடங்கினார். இன்றைய ஸ்டான்லி மருத்துவமனையின் வேர் அதுவே. 1938இல் அது மருத்துவக் கல்லூரியாகவும் வளர்ந்தது. வடசென்னையில் பல தலைமுறைகள் அதைக் கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி என்றே அழைத்து வந்தன.

ஆனால் கஞ்சி வார்த்த இடத்தை அடையும் முன்பே வழியில் வீழ்ந்தவர்கள் எத்தனை பேர்? அவர்களுக்கு இறைப் பராமரிப்பு எங்கே போயிற்று? இக்கேள்வியைத் தவிர்த்துவிட்டுப் பராமரிப்பைப் பற்றிப் போதிக்க நமக்கு உரிமை இல்லை. இதற்கு முழு விடை நம்மிடம் உண்டு என்றும் சொல்லமாட்டோம். ஆயினும் அதே போரின்போது தஞ்சையில் நடந்த நிகழ்ச்சி ஒன்று விடையின் ஒரு பகுதியைக் காட்டுகிறது.

தஞ்சைக் கோட்டையிலும் படைவீரரும் மக்களும் பட்டினியால் மடிந்துகொண்டிருந்தனர். நாட்டுப்புறத்தில் நெல் இருந்தது. அதைக் கோட்டைக்குள் கொண்டுவர எருதுகள் இல்லை. எருதுகளும் ஊர்களில் இருக்கவே செய்தன. எவரும் ஓட்டி வரவில்லை. முன்பு கொண்டுவந்தவர்களுக்குக் கூலி தராமல் ஏமாற்றியிருந்தனர் அரசின் ஆட்கள். அரசரின் ஆணை செல்லவில்லை; கம்பெனியின் வாக்குறுதியும் செல்லவில்லை. இறுதியில் சுவார்ட்சு ஐயரை அணுகினர். 1750இல் தரங்கம்பாடியில் கரையிறங்கிய ஜெர்மானிய லுத்தரன் குரு அவர். எருதைக் கொண்டு வருவோர்க்குக் கூலிக்கு நான் பொறுப்பு என்று ஊர்களுக்கு எழுதியனுப்பினார். ஓரிரு நாள்களில் ஆயிரம் எருதுகள் அளவில் வந்து சேர்ந்தன. சுமார் 80,000 கலம் நெல் கோட்டைக்குள் வந்தது. வந்தவர்களுக்கெல்லாம் கடைசிக் காசுவரை எண்ணிக் கொடுத்து, சிறு அன்பளிப்பும் சேர்த்து, வீட்டுக்கு அனுப்பினார் அவர். அவர் நம் திருச்சபையைச் சேர்ந்தவர் அல்லர். அதனால் இவ்வரலாறு நமக்கு அயலானதாகிவிடாது.

தஞ்சையில் கடவுள் நெல்லைத் தராமல் இல்லை. நெல்லுக்கும் பசிக்கும் இடையே நின்றது ஏமாற்றப்பட்ட மனிதரின் நியாயமான சந்தேகம். கடவுளை நம்புங்கள் என்று அந்த உழவர்களிடம் போய்ப் போதித்திருந்தால் ஓர் எருதும் அசைந்திராது. நம்பத்தக்க ஒரு மனிதர் தேவைப்பட்டார். இறைவனின் பராமரிப்பு பசித்தவனை அடையும் வழி பெரும்பாலும் இத்தகைய மனிதரின் சொல்லைத் தாங்கியே செல்கிறது. அச்சொல் பொய்த்துப்போனால் வழியும் அடைபடுகிறது.

புனித பவுல் இதை நன்கு உணர்ந்திருந்தார். எருசலேமின் ஏழைகளுக்காக அவர் திரட்டிய காணிக்கையைப் பற்றிக் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தில் 8, 9 ஆகிய இரு அதிகாரங்கள் நிறையப் பேசுகிறார். மன்னாவின் நிகழ்ச்சியை அங்கேதான் எடுத்துக்காட்டுகிறார். பாலைநிலத்தில் கடவுள் தம் கையாலேயே செய்த சமன்பாட்டை இனிச் சபைகள் ஒன்றுக்கொன்று கொடுத்துச் செய்ய வேண்டும் என்பது அவரது கருத்து. அதே இடத்தில், பணத்தை எடுத்துச் செல்ல ஒருவரை மட்டும் அனுப்பாமல், சபைகளால் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவரையும் சேர்த்து அனுப்புவதாக எழுதுகிறார். எவரும் குறைகூற இடம் வைக்கலாகாது. கடவுள் முன் மட்டுமன்றி மனிதர் முன்னும் நேர்மையாக நடக்க வேண்டும் என்கிறார். தாராளத்தைக் குறித்து இவ்வளவு உயர்வாகப் பேசும் அதிகாரத்தில் கணக்கு ஒப்படைப்பும் வருவது நம்மில் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். நமக்கு வியப்பில்லை. பங்குக் கணக்கை ஆண்டுக்கொரு முறை மக்கள் முன் வாசிக்கத் தயங்கும் குருவானவர், மக்களின் உண்டியல் காணிக்கை குறைந்துவிட்டதென்று வருந்துவது பொருத்தமன்று. வங்கியில் வைப்புநிதி வளர்ந்துகொண்டிருக்க, ஆலயத்துக்கு அடுத்த தெருவில் தறி ஓட்ட வழியின்றிக் கடனில் மூழ்கும் குடும்பம் ஒன்று இருக்குமானால், அந்த வைப்புநிதியின் நாற்றம் விடுதலைப் பயண நூலில் கூறப்பட்ட நாற்றமே. கடினமான சொல்தான், மென்மையாகச் சொல்லிப் பார்த்தாயிற்று.

மாசிதோனியாவின் ஏழைச் சபைகள் தம் சக்திக்கு மீறிக் கொடுத்தன என்கிறார் பவுல். எவ்வளவு கொடுத்தன, கொடுத்தவர் எவரெவர் என்று அவர் எழுதவில்லை. மணியக்காரர் சத்திரத்திலும் அவ்வாறே: ஆங்கிலேயர் நாவில் அச்சொல் ‘மொனிகர்’ என்று திரிந்தது. கஞ்சி வார்த்தவரின் பதவி மட்டும் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக அந்தச் சத்திரத்தின் பெயராக நிற்கிறது.