ஜேம்ஸ் சோமர்வில்

சர் ஜேம்ஸ் சோமர்வில் (ஜூலை 17, 1882 - மார்ச் 19, 1949) பிரித்தானிய அரச கடற்படையின் அட்மிரல்களுள் ஒருவர். 1942 இல் யப்பானியர் இலங்கையைத் தாக்கியபோது பிரித்தானியக் கீழைக் கடற்படைக்குத் தலைமை வகித்தவர் இவரே. இவர் பெயர் பெற்ற போர்க்காலப் பணிகள் பெரும்பாலும் ஓய்வு பெற்ற பின்னர் ஆற்றியவை.

தொடக்க காலம்

இங்கிலாந்தின் வேபிரிட்ஜில் பிறந்த சோமர்வில் 1897 இல் கடற்படையில் சேர்ந்து, அப்போது புதிதாயிருந்த கம்பியில்லாத் தந்தித் துறையில் தேர்ச்சி பெற்றார். 1938 இல் கிழக்கிந்தியக் கடற்பிரிவின் தலைமைத் தளபதியானார். காசநோய் இருக்கலாம் என்ற ஐயத்தால் 1939 இல் ஓய்வளிக்கப்பட்டார். போர் மூண்டதும் ராடார் உருவாக்கப் பணிக்காக மீண்டும் அழைக்கப்பட்டார்.

மெர்ஸ் எல் கெபீர்

1940 சூனில் பிரான்சு செருமனியிடம் பணிந்தது. பிரெஞ்சுப் போர்க்கப்பல்கள் இட்லரின் கைக்குச் செல்லக்கூடும் என வின்ஸ்டன் சர்ச்சில் அஞ்சினார். எனவே ஜிப்ரால்ட்டரிலிருந்த 'எச்' படையின் தளபதி சோமர்வில் அல்சீரியாவின் மெர்ஸ் எல் கெபீர் துறைமுகத்துக்கு அனுப்பப்பட்டார். பிரித்தானியருடன் சேருதல், பிரித்தானியத் துறைமுகம் ஒன்றுக்கு வருதல், மேற்கிந்தியத் தீவுகளுக்குச் செல்லுதல், கப்பல்களைத் தாமே மூழ்கடித்தல் ஆகியவற்றுள் ஒன்றைத் தெரிவு செய்யுமாறு பிரெஞ்சுத் தளபதி ழான்சூலிடம் கேட்கப்பட்டது. இரு வாரங்களுக்கு முன்வரை நட்பு நாடாயிருந்ததைச் சுடுவதைச் சோமர்வில் வெறுத்தார். கெடுவை நீட்டியும் பார்த்தார். சூலை 3 மாலை லண்டனின் நெருக்குதலால் சுட ஆணையிட்டார். 1,297 பிரெஞ்சுக்காரர் இறந்தனர். அவர்களுள் 900க்கும் மேற்பட்டோர் 'பிரெத்தாஞ்' என்ற ஒரே கப்பலில் இருந்தவர்கள்.

1941 மே மாதத்தில் 'பிஸ்மார்க்' கப்பலின் சுக்கானைச் செயலிழக்கச் செய்த விமானங்கள் இவரது படையின் 'ஆர்க் ராயல்' கப்பலிலிருந்தே சென்றன.

இந்தியப் பெருங்கடல்

1942 மார்ச்சில் கீழைக் கடற்படையின் பொறுப்பை ஏற்றார். ஏப்ரல் முதல் நாளளவில் தாக்குதல் வரும் என்ற உளவுத் தகவலால் இலங்கைக்குத் தெற்கே காத்திருந்தார். எதிரி வராததால், எரிபொருளுக்காக மாலைத்தீவின் அத்து பவளத்தீவில் இருந்த இரகசியத் தளத்துக்குத் திரும்பினார். ஏப்ரல் 5 அன்று கொழும்பும் 9 அன்று திருகோணமலையும் தாக்கப்பட்டன. 'டோர்செட்சயர்', 'கோர்ன்வால்' ஆகிய கப்பல்களும், மட்டக்களப்புக்கு அப்பால் 'எர்மசு' என்ற வானூர்தி தாங்கியும் மூழ்கின.

கப்பல்களைப் பிரித்து அனுப்பியது தவறென்ற விமரிசனம் இவர்மீது உண்டு. எனினும் யப்பானியரின் ஐந்து வானூர்தி தாங்கிகளைப் பகலில் எதிர்கொண்டிருந்தால் கடற்படை முழுவதும் அழிந்திருக்கலாம். ராடார் பொருத்திய விமானங்களால் இரவில் தாக்குவதே இவரது திட்டம். அதற்கு வாய்ப்புக் கிட்டவில்லை. பின்னர் கடற்படை கென்யாவின் கிலிந்தினிக்குப் பின்வாங்கியது. 1944 இல் திருகோணமலைக்குத் திரும்பி, சுமாத்திராவின் சபாங்கைத் தாக்கியது.

இறுதிக் காலம்

ஓய்வு பெற்றோர் பட்டியலிலேயே இருந்த இவரது பெயர் 1944 இல்தான் பணியிலுள்ளோர் பட்டியலில் மீண்டும் சேர்க்கப்பட்டது. அவ்வாண்டு வாசிங்டனில் பிரித்தானியக் கடற்படைக் குழுவின் தலைவரானார். 1945 இல் கடற்படையின் மிக உயர்ந்த தரநிலையை அடைந்தார். சாமர்செட்டில் உள்ள தமது குடும்ப இல்லத்தில் 1949 இல் காலமானார்.