வேடம் பூண்ட எழுத்துகள்

1970களின் பிற்பகுதியில் அமெரிக்கப் பல்கலைக்கழகக் கணிப்பொறிகள் தொலைபேசிக் கம்பி வழியே ஒன்றுக்கொன்று அஞ்சல் விடுக்கத் தொடங்கின. அவ்வழி ஆங்கில எழுத்தை மட்டுமே எண்ணி அமைக்கப்பட்டதாகும். 1963இல் வகுக்கப்பட்ட ஆஸ்கி குறியீட்டில் இடங்கள் 128 தாம். அவற்றுக்கு ஏழு பிட்டுகள் போதும். பைட்டிலோ எட்டு பிட்டுகள் உண்டு. இடைநின்ற பொறிகள் சில அந்த எட்டாம் பிட்டைப் பொருட்படுத்தாது வெட்டின. ஆங்கிலக் கடிதம் பழுதின்றிச் சென்றது. நிரலோ படமோ சிதைந்து சேர்ந்தது.

இவ்விடருக்குப் பெர்க்கிலியில் ஆய்வு மாணவராயிருந்த மேரி ஆன் ஹார்ட்டன் 1980இல் கண்ட தீர்வே யூயூஎன்கோடு என்னும் சிறு கட்டளை. அவர் வழியைத் திருத்த முற்படவில்லை. வழிச்செல்லும் பொருளுக்கு வேடமிட்டார். மூன்று பைட்டுகளின் 24 பிட்டுகளை ஆறாறாகப் பகுத்தால் நான்கு எண்கள் கிடைக்கும். ஒவ்வொன்றுடனும் 32ஐக் கூட்ட, யாவும் ஆஸ்கியின் ஏழு பிட்டுகளுக்குள் அடங்கும் குறிகளாகும். 45 பைட்டுகள் 60 குறிகள் கொண்ட ஒரு வரியாக விரியும். முழு வரி ஒவ்வொன்றின் முதலிலும் நீளத்தைச் சுட்டும் 'எம்' என்னும் எழுத்து நிற்கும். பழகியவர் அதனைக் கண்டவுடனே இனங்காண்பர். பெறுபவர் யூயூடிகோடு என்னும் இணைக்கட்டளையால் வேடத்தைக் களைவார். சுமை மூன்றில் ஒரு பங்கு கூடிற்று. எனினும் பொருள் சிதையவில்லை.

வேடத்திலும் ஒரு விரிசல் இருந்தது. சுழியத்துடன் 32ஐக் கூட்டினால் வருவது வெற்றிடம். வரியீற்று வெற்றிடங்களைப் பயனற்றவை எனச் சில அஞ்சற்பொறிகள் நீக்கிவிட்டன! ஓலையில் புள்ளி இடாது விட்டமையால் மெய்யோ உயிர்மெய்யோ என மயங்கிய நம் பதிப்பாசிரியர்க்கு இவ்வின்னல் நன்கு விளங்கியிருக்கும். பின்னர் வெற்றிடத்திற்கு மாற்றாகப் பின்சாய்ந்த ஒற்றை மேற்கோள் குறி வைக்கப்பட்டது.

1992இல் வெளியான மைம் நெறி அதே கணக்கைப் பேஸ்64 என்னும் பெயரில் மேற்கொண்டு, பெரும்பாலும் எழுத்துகளையும் எண்களையுமே குறிகளாக வைத்தது. அவ்வாண்டிலேயே கென் தாம்சனும் ராப் பைக்கும் யூடிஎஃப்-8 முறையை வகுத்தனர். அதில் யூனிகோடின் தமிழ் எழுத்துகளின் குறி ஒவ்வொன்றும் சரியாக மூன்று பைட்டுகள் பெறும். அஃதாவது, ஹார்ட்டன் வகுத்த கணக்கின் ஓர் அலகு. ககரத்தை யூயூஎன்கோடு முறையில் பெயர்த்தால் எக்ஸ், விண்மீன் குறி, இசட், 5 என நிற்கும். பேஸ்64இல் 4, கே, 6, வி என நிற்கும். தமிழ்த் தலைப்புடைய மின்னஞ்சல் வேடம் கலையாது வந்து சேரும்போது 4, கே, 6 என்பன மீண்டும் மீண்டும் தோன்றுவதைப் பிழையெனக் கருதி அழித்துவிடுவோர் உளர். தொடக்கத்திலிருந்து இடைவெளி வரும்வரை, அகரம் முதல் னகரம் ஈறாக எவ்வெழுத்தும் அம்மூன்று குறிகளிலேயே தொடங்கும். நான்காம் குறியே இன்ன எழுத்தென வேறுபடுத்தும்.