இரண்டாவது ஞாயிறு எது? ரௌலட் சட்ட எதிர்ப்பில் ஒரு தேதியும் ஒரு மறுவாசிப்பும்

ரௌலட் சட்ட எதிர்ப்பைப் பற்றி எழுதப் புகும் எவரும் ஜூடித் பிரவுனைச் சுற்றிக்கொண்டு போக முடியாது. காந்தி அதிகாரத்துக்கு எழுந்த கதையை 1915 முதல் 1922 வரை ஆராயும் அவரது நூல் 1972-இல் வெளிவந்தது. ஆவணக் காப்பகங்களில் அவர் செலவிட்ட உழைப்புக்கு இன்றும் நிகரில்லை. ரௌலட் சத்தியாக்கிரகம் பற்றி அவர் எட்டிய முடிவு இது: அரசியல் நடவடிக்கை என்ற அளவில் அது தோற்றது, சட்டம் திரும்பப் பெறப்படவில்லை, கிடைத்த லாபம் காந்திக்கு வாய்த்த அகில இந்தியத் தலைமை மட்டுமே. அந்தத் தலைமையும் நேரடியானதல்ல. ஊருக்கு ஊர் செல்வாக்குள்ள மனிதர்கள் உள்குத்தகை எடுத்தவர்களைப் போல ஆட்களைத் திரட்டிக் கொடுத்தார்கள். அவர்கள் பலமாக இருந்த இடத்தில் இயக்கம் நடந்தது, இல்லாத இடத்தில் நடக்கவில்லை.

உள்குத்தகை என்ற உருவகத்தில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அது மேலிருந்து கீழே பார்க்கும் பார்வை. யார் யாரைக் கட்டுப்படுத்தினார்கள் என்று கேட்கிறது. எதிர்க்கப்பட்ட சட்டம் எப்படிப்பட்டது என்று கேட்பதில்லை. 1919-இன் எதிர்ப்பு எடுத்த வடிவத்துக்குக் காரணம் குத்தகைக்காரர்களின் பலம் என்பதைவிட அந்தச் சட்டத்தின் கட்டமைப்பு என்பதே இக்கட்டுரையின் வாதம். அதற்கு நான் பிடித்துக்கொள்ளும் நூலிழை, ஒரு கடிதத்தில் உள்ள ஒரே ஒரு தொடர்.

கடிதம் 1919 மார்ச் 23 தேதியிட்டது; சென்னையிலிருந்து காந்தி பத்திரிகைகளுக்கு எழுதியது. இருபத்து நான்கு மணி நேர உண்ணாவிரதம், வேலைநிறுத்தம், கடையடைப்பு, கிராமங்கள் உட்பட எங்கும் பொதுக்கூட்டம் என்று ஹர்த்தாலின் முழுத் திட்டமும் அதில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போக வேண்டியவர்கள் முன்கூட்டி விடுப்பு வாங்கிக்கொண்ட பிறகே நிற்க வேண்டும் என்ற நிபந்தனையைக்கூட அவர் விடவில்லை. இவ்வளவு துல்லியமாக எழுதியவர் நாளைக் குறிக்கும் இடத்தில் மட்டும் சுற்றி வளைக்கிறார். ரௌலட் மசோதாவான 1919-ஆம் ஆண்டின் 2-ஆம் எண் மசோதாவுக்கு வைஸ்ராயின் ஒப்புதல் வெளியான பிறகு வரும் இரண்டாவது ஞாயிறு என்கிறார். தொகுப்பு நூல்களில் கிடைக்கும் பாடத்தில் இதையடுத்து அடைப்புக்குறிக்குள் அதாவது ஏப்ரல் 6 என்ற விளக்கம் வருகிறது.

விரல்விட்டு எண்ணிப் பார்க்கலாம். மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது மார்ச் 18. வைஸ்ராய் ஒப்புதல் மார்ச் 21, வெள்ளிக்கிழமை. அதன்பின் முதல் ஞாயிறு மார்ச் 23, கடிதம் எழுதப்பட்ட அதே நாள். இரண்டாவது ஞாயிறு மார்ச் 30. ஏப்ரல் 6 மூன்றாவது ஞாயிறு. ஆகவே தொடரும் அடைப்புக்குறியும் ஒன்றையொன்று மறுக்கின்றன. ஒப்புதல் ‘வெளியானது’ என்பதை 23-ஆம் தேதியிலிருந்தோ அதற்குப் பிறகோ கணக்கிட்டால்தான் இரண்டும் பொருந்தும்.

டெல்லி மார்ச் 30 அன்றே ஹர்த்தால் நடத்தியது. ரயில் நிலையத்தில் சிற்றுண்டி விற்றுக்கொண்டிருந்தவர்களைக் கடையை மூடச் சொல்லித் தொடங்கிய தகராறு துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது. அன்று மாலை சுவாமி சிரத்தானந்தர் கூர்க்காத் துப்பாக்கிகளின் முன் மார்பைக் காட்டி நின்றார். ஒரு வாரம் முந்திக்கொண்டது ஏன்? சத்திய சோதனையில் காந்தி தரும் விடை: முதலில் மார்ச் 30 என்று நிச்சயித்தோம், பிறகு ஏப்ரல் 6-க்கு மாற்றினோம், மாற்றத்தைச் சொன்ன தந்தி டெல்லிக்குத் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. பாடநூல்கள்வரை இந்த விளக்கமே புழங்குகிறது. பிரவுனின் கட்டமைப்பிலும் இது கச்சிதமாக உட்கார்ந்துவிடுகிறது: அமைப்பு பலம் இல்லாத தலைவர், கைக்கு எட்டாத நகரம்.

தந்தி தாமதமானது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் சத்திய சோதனை 1925-க்குப் பிறகு நினைவிலிருந்து வாரவாரம் எழுதப்பட்டது. கடிதமோ அன்றைய சான்று. மார்ச் 23 கடிதத்தில் ஏப்ரல் 6 முதலிலிருந்தே இருந்தது என்றால், தேதியை நிச்சயித்ததும் மாற்றியதும் அதற்கு முந்தைய ஓரிரு நாட்களுக்குள் முடிந்திருக்க வேண்டும். அப்படியானால் மாற்றுவதற்கு முன்பே மார்ச் 30 என்ற செய்தி எந்த வழியாக டெல்லிக்குப் போனது? இன்னொரு சாத்தியத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். மூலத்தில் இருந்தது ‘இரண்டாவது ஞாயிறு’ மட்டுமே. குழப்பம் தெரிந்த பிறகு அடைப்புக்குறி சேர்ந்தது. உரையாசிரியரின் ஓரக் குறிப்பு ஏடு பெயர்த்து எழுதுபவரின் கையால் மூலத்துக்குள் புகுந்துவிடுவதைச் சுவடிகளோடு பழகியவர்கள் அறிவார்கள். இந்த அடைப்புக்குறியிலும் அந்த வாடை அடிக்கிறது. இது ஊகமே. ஆனால் டெல்லிக்காரர்கள் சொன்ன சொல்லைக் கேட்காதவர்கள் அல்ல, சொன்ன தொடரைச் சரியாக எண்ணிப் பார்த்தவர்கள் என்று கொள்வதற்கு இது போதிய இடம் தருகிறது.

காந்தி ஏன் நாளைக் குறிக்காமல் சட்டத்தின் ஒப்புதலிலிருந்து எண்ணச் சொன்னார் என்பதுதான் எனக்கு முக்கியமான கேள்வி. விடை சென்னையின் கதீட்ரல் சாலையில் இருக்கிறது. அப்போது காந்தி தங்கிய பங்களா இன்று அங்கே இல்லை, அந்த இடத்தில் நட்சத்திர விடுதி நிற்கிறது. வீடு கஸ்தூரி ரங்க ஐயங்காருக்குச் சொந்தம், குடியிருந்தவர் சேலத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்த ராஜாஜி. இரண்டு நாள் தங்கிய பிறகுதான் தனக்கு விருந்தோம்புபவர் யார் என்றே காந்திக்குத் தெரிந்ததாம், அதுவும் மகாதேவ தேசாய் சொல்லி. (இதே ராஜாஜி 1951-இல் உள்துறை அமைச்சராக, விசாரணையின்றிக் காவலில் வைக்கும் தடுப்புக் காவல் சட்டத்துக்கான திருத்த மசோதாவை நாடாளுமன்றத்தில் முன்வைத்தார் என்பது வேறு கதை.)

அந்த வீட்டில் நாள்தோறும் நடந்த விவாதம் ஒரே முட்டுக்கட்டையில் போய் நின்றது: இந்தச் சட்டத்தை எப்படி மீறுவது? உப்புச் சட்டத்தை மீற உப்புக் காய்ச்சினால் போதும். ரௌலட் சட்டம் குடிமகனை எதையும் செய்யாதே என்று பொதுவாகத் தடுக்கவில்லை. அராஜக, புரட்சி இயக்கங்கள் பரவுகின்றன என்று கவர்னர் ஜெனரல் கருதினால் ஒரு பகுதியை அறிவிக்கலாம். அங்கே ஒருவர் அத்தகைய இயக்கத்தில் ஈடுபட்டார் என்று மாகாண அரசு நம்பினால், ஜாமீன் கேட்கலாம், இன்ன இடத்தில் வசி என்று உத்தரவிடலாம், காவல் நிலையத்தில் வந்து தலைகாட்டச் சொல்லலாம். இன்னும் கடுமையான பகுதியின் கீழ் பிடித்து அடைக்கலாம். விசாரிக்கும் குழு கதவை மூடிக்கொண்டு கேட்கும், வழக்கறிஞருக்கு இடமில்லை. சிறப்பு நீதிமன்றம் என்றால் மூன்று நீதிபதிகள், மேல்முறையீடு இல்லை. வக்கீல் இல்லை, தலீல் (வாதம்) இல்லை, அப்பீல் இல்லை என்று வட இந்தியத் தெருக்களில் எழுந்த கோஷம் சட்டத்தின் உள்ளடக்கத்தை ஏறக்குறைய பிழையில்லாமல் சொல்லிவிடுகிறது. இதில் ‘இயக்கம்’ எது என்பதற்கு அரசின் கருத்தைத் தவிர வேறு அளவுகோல் இல்லை. வெடிகுண்டு வீசுபவனும் கடற்கரையில் கூட்டம் போடுபவனும் எங்கே பிரிகிறார்கள் என்பதைச் சட்டம் சொல்லவில்லை, அதிகாரி சொல்வார்.

அதிகாரிக்கு மட்டும் செயல்படும் உரிமை தரும் சட்டத்தை, அதிகாரி செயல்படாதவரை மீற வழியில்லை. பிப்ரவரி 24 அன்று சபர்மதியில் எடுத்த உறுதிமொழி, இச்சட்டங்களோடு ஒரு குழு தேர்ந்தெடுக்கும் பிற சட்டங்களையும் மீறுவோம் என்று சேர்த்துச் சொன்னதற்குக் காரணம் இதுவே. பம்பாயில் தடைசெய்யப்பட்ட நூல்களைத் தெருவில் விற்றதும், பதிவு செய்யாத ‘சத்தியாக்கிரகி’ இதழை வெளியிட்டதும் இந்த முட்டுக்கட்டைக்குக் கிடைத்த சுற்றுவழிகள். ஹர்த்தால் இன்னொரு வழி: மீறுவதற்கு ஏதுமில்லாதபோது எல்லாவற்றையும் நிறுத்துவது. மசோதா சட்டமாகிவிட்டது என்ற செய்தி வந்த இரவு தூங்கப்போய், விடியற்காலை அரைத் தூக்கத்தில் அந்த யோசனை தோன்றியதாகக் காந்தி எழுதுகிறார். அது எந்த விடியல்? செய்தி என்பது 18-ஆம் தேதி நிறைவேற்றம் என்றால் 19-ஆம் தேதி விடியல். ஒப்புதல் என்றால் 22 அல்லது 23. பாரதி அதே வீட்டில் நுழைந்து காந்தியைப் பார்த்துவிட்டு வந்ததைச் சொல்லும் வ.ரா.வின் சித்திரமும் நாள் விஷயத்தில் கைகொடுக்காது. 19-க்கும் 23-க்கும் நடுவே என்று விட்டுவிடுவதே நேர்மை. எதுவானாலும், சட்டம் சட்டமாகும் கணத்தோடு எதிர்ப்பின் நாளை முடிச்சுப் போட்டது தற்செயல் அல்ல என்று எனக்குப் படுகிறது. மீறுவதற்கு ஒரு செயல் கிடைக்காதபோது, பற்றிக்கொள்ளக் கிடைத்தது அந்த ஒரு கணம்தான்.

இப்படிப் பார்த்தால் டெல்லியின் மார்ச் 30 கட்டுப்பாட்டின் தோல்வியாகத் தெரியாது. நாளை எண்ணும் வேலையை வாசகரிடமே விட்ட அழைப்பு அது. எண்ணியவர்களில் சிரத்தானந்தரும் ஹக்கீம் அஜ்மல் கானும் உண்டு; அவர்களைக் குத்தகைக்காரர்கள் என்று பிரவுன் சொன்னால் சொல்லட்டும். ஆனால் ரயில் நிலையத்துச் சிற்றுண்டிக் கடைவரை போய்க் கதவடைக்கச் சொன்ன கூட்டத்தை எந்தக் குத்தகைப் பத்திரத்தில் எழுதுவது? இந்தக் காட்சி நமக்குப் பெரும்பாலும் அரசுத் தரப்பு விசாரணை வழியாகவே கிடைக்கிறது, கூட்டத்தின் குரல் அதில் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அடுத்து, ‘தோற்றது’ என்ற தீர்ப்பு. ஏப்ரல் 13 ஜாலியன்வாலா பாக், 18 அன்று காந்தி சட்டமறுப்பை நிறுத்தியது எல்லாம் தெரிந்த கதை. ஆனால் ரௌலட் சட்டத்தின் அதிகாரங்கள் ஒருமுறைகூடப் பயன்படுத்தப்படவில்லை. எதிர்ப்பு அதை எடுக்கவே கூசும் ஆயுதமாக்கிவிட்டது என்று நான் வாதிடுவேன். இந்த வாதத்தின் பலவீனமும் எனக்குத் தெரியும். யுத்தம் சட்டப்படி முடிந்ததாக அறிவிக்கப்படும்வரை இந்தியப் பாதுகாப்புச் சட்டம் கையில் இருந்தது. பஞ்சாபில் இராணுவச் சட்டம் ரௌலட்டைவிடக் கொடுமையான வேலையைச் செய்தது. தேவைப்படாததால் எடுக்கவில்லை என்று ஒருவர் சொன்னால் முழுவதுமாக மறுக்க முடியாது. ஆனாலும் இந்திய உறுப்பினர்களின் எதிர்ப்பை அதிகாரிகளின் பெரும்பான்மையால் மிதித்து, மாளவியாவும் ஜின்னாவும் மஸ்ஹருல் ஹக்கும் பதவி துறக்கும் அளவுக்குப் பிடிவாதமாக நிறைவேற்றிய ஒன்றை, சில ஆண்டுகளுக்குள் அதே அரசு தானே கிழித்துப் போட்டதை வேறு எப்படிப் புரிந்துகொள்வது?

கிழித்த கை எது என்பதிலும் பிரவுனின் கணக்குக்குள் அடங்காத ஒருவர் இருக்கிறார். வலங்கைமான் சீனிவாச சாஸ்திரி 1919 பிப்ரவரி 7 அன்று சட்டமன்றத்தில் மசோதாவை எதிர்த்துப் பேசினார். தீயவரைக் குறிவைக்கும் சட்டம் பீதிக் காலத்தில் அப்பாவிகளை எப்படி வளைக்கும் என்பதே அவர் பேச்சின் சாரம். இந்த மசோதாவுக்கு அடித்தளமிட்ட ரௌலட் குழுவில் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி குமாரசாமி சாஸ்திரி இருந்ததையும், குழுவின் அறிக்கை மணியாச்சியில் கலெக்டர் ஆஷ் கொல்லப்பட்டதைச் சென்னை மாகாணத்தின் சான்றாகக் காட்டியதையும் சேர்த்துப் பார்த்தால் அந்தப் பேச்சின் எடை கூடுகிறது. அடுத்த மாதமே சத்தியாக்கிரகத்தை எதிர்த்த மிதவாதிகளோடு சேர்ந்துகொண்டார் அதே சீனிவாச சாஸ்திரி. பழைய தலைமுறைக்கு அது துரோகம். ஆனால் 1921 பிப்ரவரியில் அடக்குமுறைச் சட்டங்களை மறுபரிசீலனை செய்யக் கோரும் தீர்மானத்தை மேலவையில் கொண்டுவந்தவரும் அவரே. அதிலிருந்து தேஜ் பகதூர் சாப்ரு தலைமையில் குழு பிறந்தது. 1922-இல் ரௌலட் சட்டம் நீங்கியது. தெருவும் அவையும் ஒன்றையொன்று வெறுத்தபடியே ஒரே கதவைத் தள்ளின. நம் வரலாற்று எழுத்து தெருவை மட்டும் நினைவில் வைத்தது, பிரவுன் தலைவர்களை மட்டும்.

வெற்றி என்ற சொல்லையும் நான் அளந்தே பயன்படுத்துவேன். சாப்ரு குழு எல்லாவற்றையும் நீக்கச் சொல்லவில்லை. சங்கங்களைச் சட்டவிரோதமென்று அறிவிக்க அரசுக்கு அதிகாரம் தரும் 1908-ஆம் ஆண்டுக் குற்றவியல் திருத்தச் சட்டத்தின் இரண்டாம் பகுதியை இப்போதைக்கு விட்டுவைக்கலாம் என்றது. 1921 இறுதியில் காங்கிரஸ் தொண்டர் படைகள் மீது பாய்ந்தது அதுதான். சுதந்திரத்துக்குப் பிறகும் அது சட்டப் புத்தகத்தில் இருந்தது. சென்னை அரசு 1950-இல் அதைக் கொண்டு மக்கள் கல்விச் சங்கத்தைத் தடைசெய்தது, பிறகு அதே ஆண்டில் அதைத் திருத்தியும் வைத்துக்கொண்டது. அரசின் அகநிலைத் திருப்தி ஒன்றை மட்டும் நம்பிச் சங்கத்தைத் தடைசெய்வது அரசியலமைப்புக்கு ஒவ்வாது என்று அந்தத் தடையை எதிர்த்த வி.ஜி. ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த நாள் 1952 மார்ச் 31.